வெயில் ஏறிய குப்பி

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று பெர்னதெத் சொன்னால் ஜோசப் ஆனந்த் நம்ப மாட்டார். கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆனால் கிளைடரில் அவள் பொருத்திய முள் என்ன சொன்னாலும் அவருக்கு அது வேதவாக்கு. நெல்லித்தோப்பில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மனுஷன் நாற்பத்தைந்து வயதில் பறக்கக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை தனியாகவும் பறந்துவிட்டார். அவர் பறக்கும் கிளைடர் கிளப்பில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி பெர்னதெத்தான்.

கிளைடர் என்ற அந்தச் சிறு விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. காற்று தூக்குகிறதா, அமுக்குகிறதா என்று உடனே சொல்வது வேரியோமீட்டரின் முள். அதன் பின்னால் இரண்டு ரப்பர் குழாய்கள் இருக்கும். ஒன்று வெளிக்காற்றுக்குப் போகும், இன்னொன்று ஒரு தகரக் குப்பிக்கு. இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டால், ஏறும்போது இறங்குவதாகவும் இறங்கும்போது ஏறுவதாகவும் முள் காட்டும்.

அந்த மே மாதச் சனிக்கிழமை அவள் குழாய்களைப் புதிதாகப் போட்டாள். வாயால் ஊதிச் சோதித்தால் கருவி பாழாகிவிடும் என்பதால், குப்பியை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடிப்பது அவள் வழக்கம். கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், முள் மேலே போகும். பத்து வருடமாக நிழலில், கொட்டகைக்குள் செய்து பழகிய சோதனை. அன்று கொட்டகைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிளைடர் காலையிலிருந்து வெயிலில் கிடந்தது. பொத்தியபோது குப்பி சுட்டது, ஆனால் அந்த வெயிலில் சுடாத பொருள் எது? முள் கீழே இறங்கியது. குழாயை மாற்றிச் செருகிவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு கழற்றி மாற்றினாள். மறுபடி பொத்தினாள், முள் ஏறியது.

"சரியாயிடுச்சு, போங்க" என்றாள்.

தரையில் நின்று கம்பியைச் சுருட்டி இழுக்கும் வின்ச் எந்திரம் கிளைடரை மேலே ஏற்றிவிட்டது. அப்போது வேகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பயிற்சி, அதனால் ஜோசப் முள்ளின் பக்கம் திரும்பவேயில்லை. கீழே பெர்னதெத் சாமான்களை எடுத்து வைக்கும்போது, வெயிலில் கிடந்த உபரிக் குப்பியைத் தொட்டு வெடுக்கென்று கையை உதறினாள். அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. கை குப்பியைச் சூடாக்கவில்லை, ஆற்றியிருக்கிறது; உள்ளே காற்று சுருங்கித்தான் முள் இறங்கியிருக்கிறது. முதலில் செருகியதுதான் சரி.

கிளைடரின் ரேடியோ இரண்டு வாரமாகப் பழுது. தரையில் வெள்ளைத் துணியைக் குறுக்காக விரித்தால் உடனே இறங்கு என்று அர்த்தம். அவளும் வின்ச் ஓட்டும் அம்மாவாசையும் ஓடிப்போய் விரித்தார்கள்; ஜோசப் கீழே பார்க்கவில்லை. மேலே இரண்டு பருந்துகள் இறக்கை அசைக்காமல் ஏறிக்கொண்டிருந்தன. ஜோசப் அந்தக் காற்றுக்குள் நுழைந்தார், உடனே விலகி ஓடினார். மேற்கே காற்று அமுக்கும் இடத்தில் ஆசையாக வட்டமடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வட்டத்துக்கும் கிளைடர் பெரிதாகத் தெரிந்தது. அவள் கத்தவில்லை, கத்தி என்ன பயன்?

"அது பொய் சொல்லுதுங்க" என்றாள், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல.

கிளைடர் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறைந்தது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் வரிசையில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோசப் விழித்திருந்தார்.

"எறங்குறோம்னுதான் உடம்பு சொல்லிச்சு. உன் முள்ளு ஏறுதுன்னு காட்டுச்சு. நீ வச்ச முள்ளாச்சே. உயரம் காட்டுற மீட்டரப் பாக்குறதுக்குள்ள, திரும்பி வர உயரம் பத்தல. எம்மேலதான் தப்பு, பெர்னா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூரை வேலை, வெயில், குப்பி, மாற்றிச் செருகியது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது செத்துவிடலாம் போலிருந்தது. அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஆமா, உன் கைய விட அது சூடாத்தான் இருந்திருக்கும்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும். பிறகு, "பாதத்தக் கொஞ்சம் புடியேன்" என்றார்.

கால்மாட்டுக்குப் போய், இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் பாதத்தைப் பொத்தினாள்.

சற்று நேரம் கழித்து, "புடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.