மூன்றாம் வரிசையில் ஒரு தூண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, ரசனையில் பிறக்கவில்லை, வயிற்றெரிச்சலில் பிறந்தது. போன வாரம் ஸ்கேல் போன் செய்தாள். தான் வரைந்து கட்டிய புதிய பள்ளிவாசலுக்குத் திறப்பு விழா மலர் போடுகிறார்களாம். நான் வந்து பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். இதற்குப் பிறகு அலுவலகத்தை மூடுகிறாள், இதுதான் கடைசிக் கட்டடம். எழுதுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. வயிறு ஒப்பவில்லை.

(ஸ்கேல் என்பது பட்டப்பெயர். இருபது வயதில் நாங்கள் இருவரும் ஒரே வரைபட அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. அவள் காதில் பென்சிலும் இடுப்பில் ஸ்கேலுமாகத் திரிவாள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்லுவேன், அதனால் எனக்குப் பெயர் ‘கதை’. நாற்பத்தைந்து வருடமாகியும் பெயர்கள் உதிரவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘வானமே இறங்கி வந்து அமர்ந்தாற்போல அந்தக் கூடம்—’

அடித்துவிட்டேன். வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: ‘தூணே இல்லாத அந்தப் பெரிய கூடத்துக்குள் கால் வைத்ததும் எனக்கு—’

எனக்கு என்ன? அழுகை வந்தது. நல்ல அழுகை அல்ல. வாக்கியத்தை அங்கேயே விட்டிருக்கிறேன்.

எனக்குக் கதைகள் காட்சியாக வருவதில்லை. யாரோ இரண்டு பேர் பேசுவார்கள், நான் ஒட்டுக்கேட்டு எழுதுவேன். கட்டடமோ வாயே திறக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி.

3

தெரு ஒரு பக்கம் பார்க்கிறது, தொழும் திசையான கிப்லா வேறு பக்கம். மற்றவர்களாக இருந்தால் அந்தக் கோணலை ஒரு சுவருக்குப் பின்னால் மறைத்திருப்பார்கள். இவள் அதையே நீண்ட நடைவழியாக்கிவிட்டாள். நடக்க நடக்க, நமக்கே தெரியாமல் உடம்பு கிப்லாவுக்குத் திரும்பிவிடுகிறது. கும்மட்டம் கிடையாது. மடித்துப் பிரித்த தாள் போல ஒரு கூரை. பூச்சில்லாத காங்கிரீட்டில் பலகையின் ரேகைகள்கூட அப்படியே பதிந்திருக்கின்றன. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் தண்ணீர் கொட்டும் சத்தமில்லை, சாய்ந்த கல்லில் வழிந்துபோகிறது.

கிப்லாச் சுவர் தரையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் நுழையும் வெளிச்சம், சுஜூதில் தலையைத் தரையில் வைக்கும்போது நெற்றி படுகிற இடத்தில் வந்து கிடக்கிறது. குனிகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வெளிச்சம்.

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏழு புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குள்ளும் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததில்லை.

ஸ்கேல் என் பின்னாலேயே வந்தாள். எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4

* அடிக்குறிப்பாக வரவேண்டியது, இடம் போதவில்லை: அந்தக் காலத்தில் வரைபடத்தைக் கண்ணால் சரிபார்க்க மாட்டோம், காதால் பார்ப்போம். ஒருத்தி அளவுகளை உரக்க வாசிப்பாள். “தூணுக்குத் தூண் ஆறு மீட்டர். ஆச்சா?” இன்னொருத்தி சிவப்புப் பென்சிலால் டிக் போட்டு, “ஆச்சு” என்பாள். மூலையில் இரண்டு கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர். அவள் வரைந்ததற்கு நான், நான் வரைந்ததற்கு அவள். பிறகு எனக்கு எழுத்தாளர் ஆகும் வியாதி பிடித்தது. கட்டடம் இடிந்துபோகும், கதை நிற்கும் என்று அவளிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

5

பெண்கள் தொழும் மேல்தளத்துக்கு ஏறினோம். ஏறும்போதே என் கண் குறை தேடிக்கொண்டிருந்தது, மறைப்பானேன். கிடைத்தது.

மேல்தளத்தில் கூரையைத் தாங்கும் தூண்கள் தெருவுக்கு இணையாக நிற்கின்றன. கார்ப்பெட்டில் வரிசைக் கோடுகள் கிப்லாச் சுவருக்கு இணையாக ஓடுகின்றன. இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில், மூன்றாம் வரிசையின் நடுவே, கொழுத்த ஒரு தூண். தொழுகையில் சஃப் என்னும் வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். இங்கே தூணுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக, ஒருத்தி மட்டும் தனியாக மாட்டிக்கொள்வாள்.

சொல்ல வெட்கம், வயிறு குளிர்ந்தது.

“இந்தத் தூண் சஃப்பை வெட்டுது” என்றேன்.

“கார்ப்பெட் விரிச்ச அன்னைக்குத்தான் பார்த்தேன்.”

“யாருமே சொல்லலையா?”

“நாலு பேர் கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க. எல்லாம் சரின்னு பச்சையாத்தான் காட்டுச்சு.” தூணை உள்ளங்கையால் தடவினாள். “நீ போனப்புறம் எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டலடி, கதை.”

6

இந்த இடத்தில் ஸ்கேல் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு நல்லவளா? என் அழிப்பானை எடுத்தால் தேயும்வரை திருப்பித் தராதவள் அவள். நானே அவளை நல்லவளாக்கி எழுதி, என் பொறாமையை இன்னும் சின்னத்தனமாகக் காட்டுகிறேனோ?

சரி, முடிவுகள்.

முதல் முடிவு: வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தூணைப் பற்றி மூச்சுவிடவில்லை. விழாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு—

வேண்டாம்.

இரண்டாவது: முழங்கால் வலியோடு தனியே தொழும் என்னைப் போன்ற கிழவி சாய்ந்துகொள்ளத்தான் அந்தத் தூணை அவள் வைத்தாள் என்று கடைசியில் தெரியவருகிறது. படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பச்சைப் பொய். தூண் தவறாகவே நிற்கிறது.

நடந்தது இது. தூணடியிலேயே உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து மேல்தளத்தின் வரைபடத்தை எடுத்து என் மடியில் விரித்தாள். வரைந்தவர் கட்டத்தில் அவள் கையெழுத்து. சரிபார்த்தவர் கட்டம் காலி. கூடவே ஒரு சிவப்புப் பென்சில்.

“மலர்ல இதையும் அச்சடிக்கிறாங்க. கையெழுத்துப் போடணும்னா போடு. இல்ல, தூணைச் சுத்தி வட்டம் போட்டுடு, எல்லாரும் பார்க்கட்டும். எதைப் போட்டாலும் நான் அழிக்க மாட்டேன்.”

7

அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. நாளை மலர் அச்சுக்குப் போகிறது.

வட்டம் போட்டால் ஊரே அந்தத் தூணைத்தான் பார்க்கும், ஒரு சாண் வெளிச்சத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அவளுடைய கடைசிக் கட்டடத்துக்கு அதுதான் பெயராகும். கையெழுத்துப் போட்டால் அந்தத் தவறில் எனக்கும் பங்கு. ஆனால் அந்த வெளிச்சத்திலும் பங்கு. நான் தொடாத கட்டடத்தின் மூலையில் என் பெயர். இரண்டுக்குமே கை துடிக்கிறது. எது நட்பு, எது பொறாமை என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், இரண்டிலும் ஒரே கைதான் நீள்கிறது.

என்னால் முடியவில்லை. தனியாகச் சரிபார்க்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இருந்ததில்லை. பென்சிலை நீங்கள் பிடியுங்கள், நான் வாசிக்கிறேன்.

கிப்லாச் சுவருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம், ஒரு சாண். ஆச்சா?

மூன்றாம் வரிசையில் தூண், ஒன்று. ஆச்சா?

பொறாமை, குறைக்காமல் முழு அளவில். ஆச்சா?

தூணுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக, தனியே நிற்பவள், ஒருத்தி.

ஆச்சா?