டீயும் காபியும் இல்லாத ஐந்து வாக்கியங்கள்

தமிழ்வாணி அக்கா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். தேர்வறையில் என் வேலை அவ்வளவுதான். கேள்வியை வாசிப்பது, பதிலை எழுதுவது, கேட்டால் எழுதியதைத் திரும்ப வாசிப்பது. சொந்தமாக ஒரு சொல்லும் பேசக் கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

பார்வையில்லாதவர்களுக்கு எழுதித் தருபவர் அதே பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. நான் பி.எஸ்ஸி. வேதியியல். அக்கா எழுதியது தபால் வழி பி.ஏ.வின் ஆங்கிலத் தாள். ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக டெலிபோன் ஆபரேட்டர் அவர். பட்டம் வந்தால் வேலை நிரந்தரமாகும். இந்த ஒரு தாள்தான் பாக்கி. பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசித் தேர்வு. தவறினால் முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது இதையெல்லாம் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார்.

எங்களுக்கு ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு ஆரோக்கியநாதன் சார் மட்டும். தேர்வு நடந்த அந்தக் கல்லூரியிலேயே ஆங்கிலம் நடத்துபவர். அன்று ஆள் குறைவு என்பதால் அவரையே போட்டிருந்தார்கள்.

கடைசிக் கேள்வி பத்து மதிப்பெண். ‘வுட் ராதர்’ என்பதைச் சரியாகப் பயன்படுத்தி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒன்றைவிட இன்னொன்றையே விரும்புவேன் என்று சொல்வதற்கான ஆங்கில வழி அது. யாரும் பேசி நான் கேட்டதில்லை. பள்ளியில் எழுதியிருக்கிறேன். ‘காபியைவிட டீ குடிப்பதையே விரும்புவேன்.’ கைடில் அப்படித்தான் இருந்தது. வகுப்பில் அறுபது பேரும் அதையே எழுதினோம். எனக்கு டீ பிடிக்காது.

அக்கா கொஞ்ச நேரம் மேஜையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கோரிப்பாளையம் சிக்னலில் பச்சையைவிடச் சிவப்பையே விரும்புவேன்; சிவப்பில் என்ஜின்கள் தணிந்து, தர்காப் புறாக்களின் சிறகுச் சத்தம் கேட்கும்.’ செமிகோலன், கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் சொன்னார்.

மூன்று வருடம் அந்த சிக்னல் வழியாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே புறாக்கள் இருப்பது தெரியாது.

இரண்டாவது: ‘சாலையைக் கடக்க முன்பின் தெரியாதவர் என் கையைப் பிடித்து இழுப்பதைவிட, லாரி ஹாரனை நம்புவதையே விரும்புவேன்.’ எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதினேன்.

மூன்றாவது: ‘மழை வருமா என்று போனில் பார்க்கச் சொல்வதைவிட, எங்கள் தெருவுக்கு மேலே இறங்கும் விமானத்தின் சத்தத்தைக் கேட்டு நானே தெரிந்துகொள்வதை விரும்புவேன்.’ காற்றின் ஈரமும் வெப்பமும் மாறினால் ஒலி மாறும் என்று நான் படித்து, எழுதி, மறந்திருந்தேன். அவர் அதை வைத்துத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சார் என் தோளுக்குப் பின்னால் நிற்பதைக் கவனித்தேன். பக்கத்தை வாங்கிப் படித்தார். பிறகு என்னைத்தான் கேட்டார்.

“ஏம்மா, இது யார் சொன்னது?”

அக்கா சொன்னதுதான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இருபத்திரெண்டு வருசமா இந்தக் கேள்வியத் திருத்துறேன். ஒருத்தரும் டீ காபியத் தாண்டுனதில்ல. இந்தம்மா மட்டும் எப்பிடித் தாண்டுறாங்க?”

எழுதியதெல்லாம் தேர்வர் சொன்னதே என்று ஒரு படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விடைத்தாள் முறைகேட்டில் சேர்ந்துவிடும். படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போட மாட்டேன் என்றார். அதையும் என்னிடமே சொன்னார்.

“சார், எங்கிட்டக் கேளுங்க. பரிச்ச எழுதுறது நானு,” என்றார் அக்கா. “இன்னும் ரெண்டு வாக்கியம் பாக்கி. அந்தப் பிள்ளைய எந்திரிக்கச் சொல்லிட்டு நீங்களே உக்காந்து எழுதுங்க.”

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. நான்காவது இப்படி இருந்தது: ‘பெண் பார்க்க வந்தவர்கள் என் முன்னாலேயே என்னைப் பற்றி என் அம்மாவிடம் கேட்பதைவிட, எவ்வளவு கடுமையான கேள்வியானாலும் என்னிடமே கேட்பதை விரும்புவேன்.’

சாரின் பேனா பாதியில் நின்றது. பிறகு எழுதி முடித்தது. அக்கா வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார்.

“‘எவ்வளவு’ விட்டுப்போச்சு சார்.”

அவர் அதை மேலே நுழைத்து எழுதினார். அக்கா விடவில்லை. பதினோராம் பக்கத்தில் கீழிருந்து நாலாவது வரியில் ‘ஆனால்’ இரண்டு தடவை வருகிறது, ஒன்றை அடித்துவிடுங்கள் என்றார். அந்தப் பக்கத்தை நான் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எழுதி, வரி வரியாக ஒரே ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். சார் புரட்டினார். இரண்டு ‘ஆனால்’ இருந்தன. முழு விடைத்தாளும் அவருக்குள் வரி மாறாமல் விரிந்து கிடந்தது. சோதனைக் குடுவையில் ஒரே ஒரு துளி விழுந்ததும் மொத்த நீரும் சிவந்துவிடும் கணம் உண்டு. எனக்கு அப்படி இருந்தது.

ஐந்தாவதை மெதுவாகச் சொன்னார். ‘வார்டு எண் தெரியாமல் அழுகிற குரலைச் சட்டென்று வேறு இணைப்புக்குத் தள்ளிவிடுவதைவிட, அது நோயாளியின் பெயரைச் சொல்லும்வரை லைனில் கூடவே இருப்பதை விரும்புவேன்.’

சார் நடுவில் நிமிர்ந்தார். மாணவர்கள் கேட்பதுபோலக் கேட்டார்.

“இங்க கமா வைக்கவாம்மா?”

“வேணாம் சார். அங்க மூச்சு விட்டா எதிர்ல இருக்கவுக போன வச்சுட்டுப் போயிருவாக.”

கமா இல்லாமல் எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார். மணி அடித்தது.

படிவத்தை எடுத்துக் கையெழுத்திட்டார். அதன் கீழே, ‘கடைசி இரண்டு வாக்கியங்களை என் கையால் எழுதினேன், சொற்கள் தேர்வருடையவை’ என்று ஒரு வரி சேர்த்தார். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டும்படி என்னிடம் தந்தார். வாசித்தேன். இந்தத் தடவை குரல் வந்தது. அக்கா தலையாட்டிவிட்டுப் பையில் கைவிட்டுத் தன் மடக்குக் கோலைத் தேடினார். இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும்.

விடைத்தாளை வாங்க ஊழியர் வந்து நின்றார். சார் ஒரு கையைத் தூக்கி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.