கரடி போட்ட பதில்

கௌசியுங் துறைமுகத்துப் பக்கம் இருந்த மீன் உருண்டைத் தொழிற்சாலையில் அரவைப் பிரிவுக்குச் சியூசின்தான் மேற்பார்வை. ஆட்களுக்கு அவள் சியூ அக்கா. தினமும் காலையில் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, அன்றைக்கு எந்த எந்திரம் எப்படி இருக்கிறது, எதில் கவனம் வேண்டும் என்று சொல்வாள். யாராவது கொட்டாவி விட்டால் போச்சு, சொன்னதை அவர்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பெரிய முதலாளி நோயில் படுத்ததும் மகன் போஹான் பொறுப்புக்கு வந்தான். கெட்டவன் இல்லை, கூச்சக்காரன். நாலு பேர் முன்னால் நின்றாலே காது சிவந்துவிடும். காலைக் கூட்டத்தை நிறுத்தினான். எல்லாரையும் போனில் ஒரு குழுவாகச் சேர்த்து, இனி எதுவானாலும் அதில் வரும், படித்ததும் 'கிடைத்தது' என்று பதில் போட்டால் போதும் என்றான். சியூசின் கொஞ்ச நாள் முணுமுணுத்தாள். பிறகு பழகிவிட்டது. எந்திர இரைச்சலில் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. உண்மையில் அது சுகமாகவே இருந்தது.

இரண்டாம் அரவை எந்திரத்தில் நின்றவர் லியாவ் சிங்ஷுய். அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. உள்ளே குளிரில் கண்ணாடியில் பனி படிந்துபோகும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். குழுவில் மணி அடித்தால் பதில் எழுத மாட்டார், தலையாட்டும் கரடிப் படம் ஒன்றை அழுத்துவார். பேத்தி சொல்லிக் கொடுத்தது. ஆட்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"கரடி படிச்சிடுச்சுப்பா, நான் எதுக்குப் படிக்கணும்?"

புத்தாண்டு நெருக்கத்தில் பழுது பார்க்க வந்தவர், இரண்டாம் அரவையின் பொத்தான் ஏமாற்றுகிறது, அணைத்தாலும் எந்திரம் நின்றது போல் நின்று தானாகவே சுற்றுகிறது என்றார். மாற்றுப் பொத்தான் வர இரண்டு நாளாகும். விற்பனை சூடுபிடித்த நேரம், எந்திரத்தை நிறுத்தப் போஹானுக்கு மனமில்லை. சுவரிலிருக்கும் மெயினை அணைக்காமல் யாரும் தொட்டிக்குள் கை விடக் கூடாது என்று குழுவில் போடச் சொன்னான். சியூசின் போட்டாள். 'கிடைத்தது', 'கிடைத்தது' என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. நடுவில் கரடியும் தலையாட்டியது.

அதற்குப் பிறகு குளிர் அறைக்குப் போகிற வழியில் சிங்ஷுயைத் தாண்டித்தான் போனாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

குளிர் அறையில் இருந்தபோதே எந்திரத்தின் சத்தம் மாறியது. ஓடி வந்தாள். அதற்குள் யாரோ மெயினை அணைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த மீன் மாவை வழிக்கக் கை விட்ட சிங்ஷுயைத் தோள்வரை இழுத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

மறுநாள் போஹான் அவளைத் தன் அறைக்கு அழைத்தான். தொழிலாளர் துறையிலிருந்து விசாரிக்க வருகிறார்களாம்.

"அக்கா, நாம சொல்லிட்டோம். அவரும் பதில் போட்டிருக்காரு. அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

சியூசின் எழுந்துகொண்டாள். அங்கிருந்து நேரே அஞ்சலி மண்டபத்துக்குப் போனாள். சிங்ஷுயின் மனைவி மெய்யுன் செத்தவருக்காகக் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தாள். சியூசினும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தாள். மெய்யுன் மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீங்க அவர்கிட்ட வாயால சொன்னீங்களா?"

"இல்ல. போன்ல போட்டேன்."

"அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

மெய்யுன் அவள் கையிலிருந்த தாளை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

விசாரணையில் சியூசின் எதையும் மறைக்கவில்லை. கரடியைப் பற்றிச் சொன்னாள், வீட்டில் கிடந்த கண்ணாடியைப் பற்றிச் சொன்னாள், சாப்பிட்டாச்சா என்று கேட்டவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனதையும் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த போஹான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி மேல் வழக்கு வந்தது. அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். இனி 'கிடைத்தது' என்று மட்டும் போட்டால் போதாது, முழுப் பெயரும் சேர்த்துப் போட வேண்டும் என்று குழுவில் புது உத்தரவு வந்தது. எல்லாரும் பெயரோடு பதில் போட்டார்கள்.

மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூட வேலை செய்த ஒருத்தி மட்டும் ஒருநாள் வந்து, "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லக்கா. செத்தவரு திரும்பியா வரப்போறாரு? இப்ப நம்ம எல்லார் பொழப்பும் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சியூசினுக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை.

புத்தாண்டு கழிந்து மெய்யுன் கணவரின் சாமான்களை வாங்கத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். அலமாரியைக் காலி செய்தது சியூசின்தான். ஒரு துண்டு, ஒரு தேநீர்க் குப்பி, வெள்ளை ரப்பர் பூட்ஸ். பூட்ஸை அவளே தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பையில் போட்டிருந்தாள்.

மெய்யுன் பையைத் திறந்தாள். ஒரு பூட்ஸை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது.

"இதை ஏன் கழுவினீங்க?"

மெய்யுன் பூட்ஸைத் திரும்பப் பையில் வைத்தாள்.

"விசாரணையில உள்ளதைச் சொன்னீங்களாம். சொன்னாங்க," என்றாள் மெய்யுன். "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

பையை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சியூசின் வாசலிலேயே நின்றாள். உள்ளே வேலைக்கு மணி அடித்தது.