மூன்று மாடி தாங்கும் அஸ்திவாரம்

உலகத்தில் நிலைத்து நிற்கிற கட்டடம் ஒவ்வொன்றும் அன்பின் மேல் எழுப்பப்பட்டதுதான் என்று மகன் அறிவித்தார். அப்போது அவர் கையில் சம்மட்டி இருந்தது. எதிரே வீட்டின் ஒரே கழிவறை இருந்தது.

அது கொல்லைக் கோடியில் இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

"சுவத்துல ஒரு கைப்பிடி வச்சுக் குடுடா, போதும்."

"கைப்பிடியா? கேக்கறவன் சிரிப்பான்பா. உங்களுக்குன்னு தனி ரூம், உள்ளேயே பாத்ரூம். இதே எடத்துல."

முதல் அடியை மகனே அடித்தார். மனைவி படம் எடுத்தாள். இரண்டாம் அடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மேஸ்திரியின் ஆட்கள் மத்தியானத்துக்குள் தரைமட்டமாக்கினார்கள்.

"ஏங்க, அதுவரைக்கும் மாமா எங்க போவாரு?" என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"எதிர்வீட்ல சொல்லிட்டேன். கொஞ்ச நாள்தானே."

கொஞ்ச நாளில் முடிந்திருக்கும். அஸ்திவாரக் குழிக்கு அளவுக் கயிறு கட்டும்போது மேஸ்திரி சும்மா இருக்க மாட்டாமல், "மேல கட்டற ஐடியா இருக்கா சார்?" என்றார். மகனுக்கு அந்த நிமிஷம் வரை இல்லை. ஆனால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாடி," என்றார்.

குழி ஆழமானது. கம்பி தடித்தது. மேஸ்திரி எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத மனிதர். கொஞ்ச நாள் மாதங்களானது.

அப்பா மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். எதிர்வீட்டுக்காரர்கள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. "வாங்கப்பா" என்று குடும்பமே எழுந்து வழிவிட்டது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"டிவியை நிறுத்திட்டு எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்கம்மா. நான் என்ன தேசிய கீதமா?"

அதன்பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். மருமகள் வைத்த சொம்பு வைத்தபடியே இருந்தது. "தாகமே இல்லம்மா" என்பார்.

அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. மகன் தினமும் விடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கான்கிரீட்டைக் காயவிடக் கூடாதுப்பா. தண்ணி பத்தலைன்னா வெடிச்சிரும்."

அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். "மூணு மாடி தாங்கும்னு சொல்றான்," என்றார் மருமகளிடம். "என்னால ஒரு மூத்திரத்தைத் தாங்க முடியல."

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில், "உடம்புல தண்ணியே இல்லையே, வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். மருமகள் தரையைப் பார்த்தாள். மகனின் பேன்ட் நுனி குழாய்த் தண்ணீரில் நனைந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களை மகன் குழியருகே கூட்டிப்போனார். "எல்லாம் அவருக்காகத்தான்..." என்று தொடங்கியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

பிறகு எல்லோரையும் போல அவரும் எதிர்வீட்டுக்குப் போய்க் கழிவறை வரிசையில் நின்றார். உள்ளே சுவரில், அப்பாவுக்காக அந்த வீட்டுக்காரர் பொருத்தியிருந்த கைப்பிடி பளபளவென்று இருந்தது. மகனுக்கு இடுப்பு வலி இன்னும் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.