கிள்ளினவள் கை

என் மருவுச் செடியை யாராவது தொட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேவிகாபுரத்தில் அம்மா வீட்டுக் கிணற்றடியிலிருந்து, கல்யாணமான வருஷம் கிள்ளி வந்த கொம்பு அது. மருவைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, சொல்லாமல் கிள்ளி வந்து நட்டால்தான் வேர்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. நான் கிள்ளும்போது அம்மா வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அம்மா போய்ச் சேர்ந்து, அண்ணன் அந்த வீட்டையும் விற்ற பிறகு, அந்த வாசனைதான் எனக்கு அம்மா.

ஆனால் ஆரணியில் எங்கள் தெருப் பெண்களுக்கும் அதே நம்பிக்கை உண்டே! விடிந்து பார்த்தால் ஏதாவது ஒரு கிளையின் நுனி இருக்காது. நான் விடுவேனா? மதிலோரம் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன்.

"எவடி எம் மருவைக் கிள்ளிகினு போனவ? கிள்ளினவ கை விளங்காமப் போவ!"

பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார். "அதானே, நல்லா கேளு லீலா. இன்னா ஜனமோ!" என்று ஒத்து ஊதுவார்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். என் வீட்டுக்காரர் நெசவுக்காகப் பட்டு நூலைச் சோடாவும் சவுக்காரமும் போட்டு வேகவைத்த தண்ணீரை, வீணாகக் கூடாதே என்று ஆறவைத்து, என் மருவுக்கு ஊற்றிவிட்டார். பட்டின் பசையையே கரைத்தெடுக்கிற தண்ணீரை அந்த வேர் தாங்குமா? அந்த வாரமே செடி கருகிக் குச்சியாகிவிட்டது.

"நல்ல எண்ணத்துலதான் ஊத்துனேன் லீலா."

"உங்க நல்ல எண்ணத்துல இடி விழ!"

மனுஷன் போய்த் தறியில் உட்கார்ந்தார். தறிச் சத்தமே கேட்கவில்லை. நான் கருகிய செடி பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி இருந்தது. அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"லீலா, நான் கொழாயாண்ட போறேன். கதவு சும்மாதான் சாத்திகினு இருக்கு. தோட்டத்துல யாரும் இல்ல."

"அதுக்கு நான் இன்னாக்கா பண்ணணும்?"

"சொல்லி வச்சேன், அவ்ளோதான். ஜல்தியா வந்துடுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை, போய்ப் பார்த்தேன். குளியலறைக்குப் பின்னால், ஓட்டைக் குடத்தில், ஓட்டை அண்டாவில், உடைந்த தொட்டியில், எங்கு பார்த்தாலும் மருவு. என் மருவு! அடிப்பாவி அக்கா, இத்தனை வருஷமாக என்னோடு சேர்ந்து திட்டிய கைகாரி நீங்கள்தானா? கோபம் தலைக்கேறியது. குனிந்து முகர்ந்தேன். அம்மா வாசனை. கோபம் போன இடம் தெரியவில்லை.

கணுவுக்குக் கீழே நாலைந்து நுனிகளைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பினால், பாதி திறந்த கதவுக்கு வெளியே அக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அன்றைக்கு அம்மா காட்டிய அதே முதுகு. நான் சத்தமில்லாமல் பின்பக்கமாக மதிலேறி எங்கள் வீட்டுக்குள் குதித்தேன்.

அடி இலைகளை உருவி, நிழலில் மணல் குவித்து நட்டேன். வீட்டுக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு வந்து, "இது நல்ல தண்ணிதான்" என்று தயங்கித் தயங்கி நீட்டினார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

மறுநாள் விடிந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா குரலில் தெருவே அதிர்ந்தது.

"எவடி எம் மருவைக் கிள்ளிகினு போனவ? கிள்ளினவ கை நல்லா விளங்கட்டும்! வச்சதெல்லாம் துளிர் விடட்டும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிலுக்கு மேல் தலையை நீட்டினேன்.

"அதானே, நல்லா கேளுங்கக்கா. இன்னா ஜனமோ!"