முன்மேசைக்கு வந்த மொட்டை மெயில்

அக்கா வேலை பார்க்கும் நிறுவனம் லிஃப்டுகளைப் பராமரிக்கிறது. அடுக்குமாடி வீடுகள், மருத்துவமனைகள், கடைகள் என்று நகரத்தின் பாதி லிஃப்டுகளுக்குள் அவர்களுடைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போன வாரம் அந்த நிறுவனத்துக்கு ஒரு மொட்டை மெயில் வந்தது. ‘கம்பிக்கயிறுகளை உங்கள் ஆட்கள் யாரும் ஏறிப் பார்ப்பதே இல்லை. உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கரை மட்டும் மாற்றுகிறார்கள். ஒருநாள் அறுந்து விழும்போது தெரியும்.’ கீழே, ‘நலம் விரும்பி’.

இதைப் படிக்கும் ஒரு முதலாளி கயிற்றைப் போய்ப் பார்ப்பார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு முதலாளியாகும் யோகம் இல்லை. இவர் கயிற்றைப் பார்க்கச் சொல்லவில்லை. எழுதியது யார் என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தவர் அவருடைய மருமகன். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். ஒருமுறை வைஃபை நின்றுபோனபோது பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுச் சரிசெய்தாராம். அதில் கிடைத்த பட்டம். அவர் மாமனாரின் ஃபோனிலிருந்து அந்த மெயிலின் ஹெட்டரை, அதாவது அது எங்கே புறப்பட்டு எந்தெந்த வழியாக வந்தது என்ற விவரத்தை, எடுத்து அச்சடித்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெயில் புறப்பட்டது வரவேற்பில் இருக்கும் முன்மேசைக் கணினியிலிருந்து. முன்மேசை அக்காவுடையது.

அந்தத் தாளின் நகலோடு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

“நாளைக்குள்ள மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுக்கணுமாம். குடுத்தா, ஒத்துக்கிட்டாள்னு வேலையை விட்டு அனுப்புவாங்க. குடுக்கலைனா, திமிர் பிடிச்சவள்னு அனுப்புவாங்க.”

“ரெண்டுக்கும் நடுவுல வழியே இல்லையாக்கா?”

“நடுவுல நீதான் இருக்க. சாயங்கால க்ளாஸுக்குப் போய் என்னத்தைக் கிழிக்கறேன்னு இன்னைக்குப் பாத்துடுவோம்.”

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் கணினி வலையமைப்பு வகுப்பு. போன வாரம்தான் இந்தப் பாடம் நடந்தது. அனுப்புநர் பெயரை நம்பாதே, உறைக்குப் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் வாத்தியார். வழியில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை முந்தைய முத்திரைக்கு மேலே குத்தும். அதனால் மேலே இருப்பது வந்து சேர்ந்த இடம், அடியில் இருப்பது பிறந்த இடம். கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, அடிவரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தேன். நேரம், கணினியின் பெயர், முகவரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மேலே நகர்த்தினேன். அடிவரி ‘முன்மேசை’ என்றது. எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அப்போதும் முன்மேசைதான். விஞ்ஞானி சரியாகச் சொல்லிவிட்டார் என்பது அக்காவின் வேலை போவதைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது.

“நீ அனுப்பலையேக்கா?” என்று கேட்டே விட்டேன்.

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அனுப்பினா என் பேரைப் போட்டே அனுப்பியிருப்பேன். நலம் விரும்பியாம். இவங்க நலத்தை நான் எதுக்குடி விரும்பணும்?”

அதில் நியாயம் இருந்தது. மறுபடி தாளைப் பார்த்தேன். இதுவரை முத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் தலைப்பு வரியைப் படித்தேன். தலைப்புக்கு முன்னால், வேறொருவருக்குத் தள்ளிவிட்ட மெயில் என்பதற்கான ‘ஃபார்வர்டு’ குறி இருந்தது.

“இதை முதல்ல தெறந்தது யாரு?”

“நான்தான். அங்க வர்ற எல்லா மெயிலையும் நான்தான் தெறக்கறேன். மெயில் தெறக்கறது க்ளார்க் வேலையாம், மொதலாளி தொடமாட்டாரு. நான் தெறந்து, ‘சார் பார்க்கவும்’னு போட்டு அவர் ஃபோனுக்கு அனுப்பணும்.”

“இதையும் அப்படித்தான் அனுப்பினியா?”

“இதுக்கு மட்டும் என்ன, தனியா மேளதாளத்தோடயா அனுப்புவாங்க?”

ஸ்கேலைக் கீழே வைத்தேன். ஃபார்வர்ட் செய்தால் அங்கே ஒரு புது மெயில் பிறக்கிறது. அதற்குப் புது முத்திரைகள், புதுப் பிறப்பிடம். பழைய மெயிலின் முத்திரைகள் பழைய மெயிலோடு அக்காவின் கணினியிலேயே கிடக்கும். விஞ்ஞானி ஒரு தப்பும் செய்யாமல், கீழிருந்து மேலே ஒழுங்காகப் படித்து, கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

மறுநாள் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அக்காவோடு போனேன். அலுவலகம் ஐந்தாவது மாடி. லிஃப்டில் ஏறினோம். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

முதலாளியின் அறையில் பெரிய கண்ணாடி மேஜை. அதன்மேல் ஒரு ஃபோனைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில் விஞ்ஞானி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன். ஒப்பித்ததில் பாதி மறந்துவிட்டது. முத்திரை, சர்வர், தபால்காரர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் என்னென்னவோ சொன்னேன்.

“நீ எங்கம்மா படிக்கறே?” என்றார் விஞ்ஞானி.

“சாயங்கால க்ளாஸ்ல.”

“அதான்.” மாமனாரும் சேர்ந்து சிரித்தார். “ஹெட்டர் பொய் சொல்லாது மாமா. மனுஷங்கதான் சொல்லுவாங்க.”

அக்கா விஞ்ஞானியைப் பார்த்தாள். “ஹெட்டர் பொய் சொல்லாதுல்ல சார்?”

“சொல்லவே சொல்லாது.”

“அப்ப பெரிய சார் ஃபோன்ல இருக்கற அதே மெயிலை இப்ப உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணட்டும். நீங்க அதே மாதிரி படிங்க.”

முதலாளிக்கு ஃபார்வர்ட் செய்யத் தெரியவில்லை. எந்தப் பொத்தான் என்று நான் காட்டினேன். மடிக்கணினி ‘டிங்’ என்றது. விஞ்ஞானி ஹெட்டரைத் திறந்து, தீர்ப்பு வாசிக்கும் குரலில் கீழிருந்து படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே குரல் இறங்கிவிட்டது.

“சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றார் முதலாளி.

“புறப்பட்ட இடம்… உங்க ஃபோன் மாமா.”

“அப்ப உங்க கயித்தைப் பத்தி நீங்களேதான் எழுதியிருக்கீங்க சார்,” என்றாள் அக்கா. “மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதணுமா, நீங்க எழுதறீங்களா?”

“அதாவது, இதுல டெக்னிக்கலா ஒரு சின்ன விஷயம் இருக்கு…” என்று விஞ்ஞானி ஆரம்பித்தார். அந்தச் சின்ன விஷயம் என்னவென்று கேட்க யாருக்கும் ஆசை இல்லை.

முன்மேசைக்குப் போய் அசல் மெயிலைத் திறந்தோம். அதன் அடிவரி ஏதோ ஓர் இலவச மெயில் நிறுவனத்தின் வாசலில் முடிந்திருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் யார் என்று அதில் இல்லை.

“இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது சார். யாரா வேணும்னாலும் இருக்கலாம்,” என்றேன்.

“யாருன்னே தெரியலைன்னா எதுக்கு இவ்வளவு கூத்து?” கூத்தை ஆரம்பித்து வைத்தவர் கேட்டார். “விட்டுத் தள்ளுங்க. நீ எப்பவும்போல வேலைக்கு வாம்மா.” எழுதியவர் கிடைக்கவில்லை என்றதும் எழுதியதும் காணாமல் போய்விட்டது அவருக்கு. கயிறு என்ற சொல்லை அன்று முழுக்க உச்சரித்தவள் அக்கா மட்டும்தான்.

“வர்றேன் சார். ஆனா இனிமே உங்க மெயிலை நான் தெறக்கமாட்டேன். என் மேஜைலேர்ந்து கெளம்பினதா உங்களுக்கு எதுவும் வர வேண்டாம்.”

முதலாளி மருமகனைப் பார்த்தார். “நீங்க பாத்துக்கங்க.”

“க்ளார்க் வேலையையா மாமா?” என்றார் விஞ்ஞானி.

பதிலுக்குக் காத்திருக்காமல், என்னை வழியனுப்ப அக்கா வெளியே வந்தாள். லிஃப்டின் கதவு திறந்தது. வரும்போது ஒப்பித்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்காத ஸ்டிக்கர் எதிர்ச்சுவரில் பளபளத்தது. இந்த மாதத் தேதி, வட்டமாக ஒரு கையெழுத்து. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு தானாகவே மூடிக்கொண்டது.

“படில போலாம்டி,” என்றாள் அக்கா.

மூன்றாவது மாடியில் மேலிருந்து ஷூ சத்தம் கேட்டது. யாரோ கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூச்சு வாங்க இறங்கி வந்தார்கள். திருப்பத்தில் முதலாளி தெரிந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு,” என்றார்.

அக்கா சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். “நல்லதுதான் சார். பாத்து எறங்குங்க.”