ரஞ்சன்குடிக் கோட்டையில் விழுந்த அடி

2004 மே மாதம், மூன்று வருடம் கழித்து சிங்காரவேலு சிங்கப்பூரிலிருந்து சொந்த ஊரான குன்னத்துக்கு வந்திருந்தான். பிள்ளைகளுக்கு லீவு. சரித்திர இடங்களைக் காட்டப்போவதாகச் சொல்லி, வாடகைக் காரில் முதல் நாள் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிப்போனான். அங்கே சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்ததற்காக மகன் செந்தில்குமாரின் காதைப் பிடித்துத் திருகியதில் தோல் கிழிந்துவிட்டது. ஏழு வயதுப் பையன் அழவில்லை. அழுதால் இன்னொன்று விழும் என்று அக்கா நந்தினி முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் ரஞ்சன்குடிக் கோட்டை. வாசலைத் தாண்டியதும் சிங்காரவேலு சந்தோஷமாகத்தான் இருந்தான். பீரங்கி எங்கே நின்றிருக்கும், எதிரி எந்தப் பக்கம் ஏறி வந்திருப்பான் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னான். மனைவி சிந்தாமணி புளிச்சோற்றுப் பையோடு பின்னால் ஏறினாள். மேல் மதிலில் நின்று குடும்பத்தைப் படம் எடுத்தான். பிறகு கேமராவை நந்தினியிடம் கொடுத்து, தன்னைத் தனியாக ஒன்று எடுக்கச் சொன்னான்.

"கேமரா வார கையில மாட்டிக்க, புள்ள."

"மாட்டிட்டேம்ப்பா."

மாட்டவில்லை. காற்று பாவாடையை அடித்துத் தூக்க, அவள் ஒரு கையால் அதை அமுக்கினாள். கேமரா நழுவி மதிலுக்கு வெளியே போனது. கீழே பாறையில் அது உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சிங்காரவேலு இடுப்பு பெல்ட்டை உருவினான்.

முதல் வீச்சு நந்தினியின் முதுகில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். மூன்றாவதில் பக்கிள் புருவத்தைக் கிழித்தது. பதினோரு வயதுப் பிள்ளை ரத்தம் வழியும் கண்ணோடு மதில் விளிம்புப் பக்கமே பின்வாங்கினாள். அதற்கப்புறம் நிற்க இடமில்லை.

"ஏங்க, வுடுங்க! புள்ள கீழ வுழுந்துரும்!"

சிந்தாமணி பெல்ட்டைப் பிடித்தாள். அவன் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் படிக்கட்டில் நாலைந்து படி உருண்டு, பெயர்ந்து கிடந்த கல் குவியலில் போய் விழுந்தாள். சோறு கொட்டிச் சிதறியது. மறுபடி அவன் மகள் பக்கம் திரும்புவது தெரிந்தது.

எழுந்தபோது அவள் கையில் ஒரு கல் இருந்தது. படியேறிப் போய் அவன் காதோரம் அடித்தாள். அவன் திரும்பினான். வாயில் அடித்தாள். பல் தெறித்தது. முழங்காலிட்டு விழுந்தவனைத் தோளில் அடித்தாள், தடுத்த கையில் அடித்தாள். விரல் ஒடிந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை.

"அம்மா, போதும்மா! அப்பா செத்துருவாரும்மா!" என்று நந்தினி அலறினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த டிரைவர் சாமிதுரைதான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். "வேணாந்தாயி, கல்ல கீழ போடு."

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்த பெஞ்சில் தையல் போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "படியில வழுக்கிட்டேங்க" என்று வீங்கிய வாயால் சிங்காரவேலு குழறினான்.

"இல்லீங்க சார், நாந்தான் அடிச்சேன்" என்றாள் சிந்தாமணி. "எம்புள்ளய அடிச்சான். அடிச்சேன்."

போலீஸ்காரர் நந்தினியின் புருவத்தைப் பார்த்தார். புகார் கொடுக்கிறாயா என்று அவனைக் கேட்டார். அவன் தலையசைத்து மறுத்தான்.

லீவு முடியும் முன்பே அவன் சிங்கப்பூர் திரும்பினான். அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் தம்பி வீட்டில் தங்கினான். பிள்ளைகளைப் பார்க்க வாசல்வரை வருவான். சிந்தாமணி உள்ளே கூப்பிட்டதில்லை.

முதல் இரண்டு அடி மகளுக்காக. மீதி எல்லாம் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் சேர்ந்த கோபம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் வருந்தவில்லை. வேறொன்றுதான் அவளை உறுத்தியது. அந்த லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று தலை பின்ன நந்தினியை உட்காரவைத்து, சிக்கெடுக்கக் கையைத் தூக்கினாள். பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தது.

"அம்மாடி, நாந்தான்டி."

"தெரியும்மா" என்றாள் நந்தினி. கையை எடுக்கவில்லை.

சிந்தாமணி சீப்பைத் தரையில் வைத்துவிட்டு, மகள் தானாகக் கையை எடுக்கும்வரை காத்திருந்தாள்.